பேசி முடித்த விடை

காலை ஒன்பது ஐம்பது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் முதலில் தெரிந்தது ஒரு மூக்குக்கண்ணாடி. அதற்குப் பின்னால் தலைமையாசிரியர் இருந்தார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது. பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடவேளை அது. வகுப்பில் அநேகமாக எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒருவன் பெஞ்சின் மேலேயே ஏறி நின்று, ஓடும் பேருந்திலிருந்து இறங்குகிறவன் ஏன் முன்னால் விழுகிறான் என்பதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் அவன் சரியாக விழவில்லை என்று சொல்லி மறுபடியும் விழச் சொன்னார்கள்.

தலைமையாசிரியர் கம்பியில் மூக்கு படும் அளவுக்கு நெருங்கி வந்தார்.

"என்ன சார், இது கிளாஸா, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டா?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து நின்றான். "மார்க்கெட்ல இத்தனை சத்தம் இருக்காதுங்க சார்."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அவன் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பா மாட்டுத் தரகர். திண்டுக்கல்லில் மாமா வீட்டில் தங்கிப் படித்தான். தகவல் தப்பாக இருந்ததால் திருத்தினான், அவ்வளவுதான். தலைமையாசிரியர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெஞ்சின் மேல் நின்றவனைப் பார்த்தார். மதியம் தன் அறைக்கு என்னை வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பள்ளிக்கு நான் புதியவன். அதற்கு முன் மதுரையில் ஒரு நாளிதழில் மாவட்டச் செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைத்துக்கொண்டிருந்தேன். மாவட்டப் பக்கங்கள் மெலிந்துகொண்டே வந்தன. ஒருநாள் திண்டுக்கல்லும் தேனியும் ஒரே பக்கத்தில் படுத்துக்கொண்டன. அடுத்து மெலியப்போவது நான்தான் என்று தெரிந்தது. பீரோவில் இயற்பியலில் எம்.எஸ்ஸி. சான்றிதழும் பி.எட். சான்றிதழும் இருந்தன. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஓய்வு பெற்றிருந்தார். அந்த இடத்தில் என்னைத் தற்காலிகமாக நியமித்தார்கள்.

மதியம் தலைமையாசிரியர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். திட்டப்போகிறவர் முதலில் தண்ணீர் கொடுப்பார் என்பது பத்திரிகையில் நான் கற்றது. தண்ணீர் வந்தது.

"உங்களைக் குறை சொல்லல சார். பழைய சார் கிளாஸ்ல ஃபேன் ஓடுற சத்தம் கேக்கும். உங்க கிளாஸ்ல ஃபேன் ஓடுதா இல்லையான்னே தெரியல."

"ஓடல சார். கண்டென்சர் போயிருச்சு."

"அது வேற விஷயம்." குறித்துக்கொண்டார். "அடுத்த மாசம் ஆண்டாய்வு. அதிகாரி வருவாரு. அவர் வர்ற அன்னைக்கும் இப்படி இருந்தா, நான் பழைய சாரைத்தான் கூப்பிடணும். வீட்ல சும்மாதான் இருக்காரு. எப்ப வேணா வாரேன்னு அவரே சொல்லிட்டாரு."

பழையவர் வந்தால் புதியவருக்கு இடம் கிடையாது. இதை அவர் சொல்லவில்லை. தலைப்பைப் பார்த்தாலே எனக்குச் செய்தி புரிந்துவிடும்.

பழையவரின் முறை எளிமையானது. அவர் சொல்வார், பிள்ளைகள் எழுதுவார்கள். அவர் சொன்னது தேர்வில் வரும், பிள்ளைகள் அதையே திருப்பி எழுதுவார்கள். நடுவில் யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பதால் நேரம் மிச்சமானது. நான் வந்த முதல் வாரத்தில் "யோசிங்க" என்று சொன்னேன். வகுப்பே அண்ணாந்து கூரையைப் பார்த்தது. சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். முன் பெஞ்சில் ஒருத்தி உதட்டை அசைத்தாள். விசாரித்ததில் அது மந்திரம். யோசிக்கிற மாதிரி இருப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் முறை சொந்த முறை அல்ல. பள்ளியில் சேர்ந்த பிறகு, மதுரையில் சாப்பாட்டோடு நடந்த ஒரு ஆசிரியர் பயிற்சியில் கேட்டது. ஒரு கேள்வி கொடுக்க வேண்டும், நான்கு விடையோடு. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கை தூக்கச் சொல்லி எண்ணிக்கொள்ள வேண்டும். பிறகு, வேறு விடை சொன்ன ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். பேசிய பிறகு மறுபடியும் கை தூக்க வேண்டும். ஆசிரியர் கடைசி வரை விடையைச் சொல்லக் கூடாது. பயிற்சி நடத்தியவர் இதைச் சொன்னபோது எனக்குப் பத்திரிகை ஞாபகம் வந்தது. இரண்டு நிருபர்கள் இரண்டு விதமாக எழுதி அனுப்பினால் நாங்கள் இருவரையும் போனில் ஒன்றாகப் பிடித்துப் பேசவிடுவோம். யார் நேரில் பார்த்தார், யார் டீக்கடையில் கேட்டார் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

வகுப்பில் அது வேறு மாதிரி வேலை செய்தது. சின்னாளபட்டியிலிருந்து வரும் ஒரு பெண் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குவாள். வீட்டில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறார்கள். "முதல் விடை சரின்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்று நான் சொன்னால் யாரும் தங்கள் கையைப் பார்க்க மாட்டார்கள், அவள் கையைப் பார்ப்பார்கள். அவள் தூக்கினால் வகுப்பே தூக்கும். ஒரு தடவை மூன்றாவது விடைக்கு ஆறேழு கைகள் மட்டும் எழுந்து உடனே இறங்கின. ஏன் என்று கேட்டேன்.

"அவ தூக்குனா சார்."

"நான் தூக்கல சார்," என்றாள் அவள். அழும் நிலையில் இருந்தாள். "தலை அரிச்சது. இந்த கிளாஸ்ல தலை அரிச்சாக்கூட சொறிய முடியல சார்."

எல்லோரும் ஒரே விடை சொன்னால் யாரோடு யார் பேசுவது? எனவே அவர்கள் வேறு விஷயங்களைப் பேசினார்கள். தலைமையாசிரியர் கேட்ட சத்தத்தில் பாதி அதுதான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒருவர் கையை ஒருவர் பார்க்காமல் ஓட்டுப் போட என்ன வழி என்று வகுப்பிடமே கேட்டேன். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றார்கள். யாரும் முழுதாக மூடவில்லை. சீட்டில் எழுதித் தரலாம் என்றார்கள். பிரித்து எண்ணுவதற்குள் மணி அடித்துவிட்டது. அப்போது தரகர் மகன் எழுந்தான்.

"துண்டு போட்டுக்கலாங்க சார்."

மாட்டுச் சந்தையில் விலை பேசும்போது தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு விரலால் விலை சொல்வார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. அதை அவன் கொஞ்சம் மாற்றினான். பெஞ்சுக்கு ஒரு துண்டு. மேஜை மேல் துண்டை விரித்து, பெஞ்சில் இருக்கிற எல்லோரும் அதற்கு அடியில் கையை வைத்து, தன் விடைக்கு உரிய விரல்களை நீட்டிக்கொள்ள வேண்டும். "எடு" என்று நான் சொன்னதும் ஓரத்தில் இருப்பவர் துண்டை உருவ வேண்டும்.

மறுநாள் பையன்கள் வீட்டிலிருந்து துண்டுகள் கொண்டுவந்தார்கள். பெண்கள் பெஞ்சுகளுக்கு முதல் மாணவி சுங்குடித் துண்டுத் துணிகளைக் கொண்டுவந்தாள். புது ரோஸ் நிறம் போட்டுப் பார்த்து, சரியாகப் பிடிக்காமல் ஒதுக்கி வைத்த துணி.

முதல் தடவை நான் "எடு" என்று சொன்னபோது துண்டுகள் பறந்தன. கீழே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரல்கள் கலந்து கிடந்தன. எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்து வாயைப் பிளந்தார்கள். முதல் மாணவியின் கையைப் பார்த்து ஒரு பெஞ்சு எழுந்தே நின்றுவிட்டது. அவள் தப்பான விடையைக் காட்டியிருந்தாள்.

"நீயே தப்பா?" என்றாள் அடுத்த பெஞ்சுப் பெண். வடமதுரையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வாய் நீளம்.

"நான் எப்ப சரின்னு சொன்னேன்? நீங்கதானடி சொன்னீங்க," என்று அவள் நிதானமாகத் தலையைச் சொறிந்துகொண்டாள்.

துண்டு வந்ததில் இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. ஓட்டுப் போடும் நேரத்தில் வகுப்பு அமைதியாக இருந்தது. தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் வந்தபோதெல்லாம், தற்செயலாக, அந்த நேரமாகவே இருந்தது. முதல் நாள் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் நின்று பார்த்தார். அதற்கடுத்த நாள் சந்தேகம் வந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"யாரும் அசையக் கூடாது."

யாரும் அசையவில்லை. எல்லோருடைய கைகளும் துணிக்கு அடியில் இருந்தன. இது போன் என்று அவர் முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது. கடைசி பெஞ்சுக்குப் போய், உள்ளே ஏதோ உயிரோடு இருக்கும் பாத்திரத்தின் மூடியைத் திறப்பது போல, துண்டின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார். ஐந்து கைகள் இருந்தன.

"போன் எங்கடா?"

"போன் இல்லைங்க சார். விடைங்க சார்," என்றான் தரகர் மகன்.

"எது விடை?"

அவன் நீட்டியிருந்த இரண்டு விரல்களை அசைத்துக் காட்டினான்.

நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் மாட்டுச் சந்தைக்குப் போய்வந்த விவசாயக் குடும்பம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இப்படி விரிச்சா வைப்பாங்க? யாருடா உனக்குச் சொல்லிக் கொடுத்தது? சந்தையில விரிக்க மாட்டாங்க. பிடிச்சுத்தான் சொல்லணும். இந்தா." அவன் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டு, கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, விரல்களைப் பிடித்து அழுத்தினார். "இப்ப நான் என்ன சொன்னேன்?"

"நாலுங்க சார். ஆனா அப்படிப் பிடிச்சா பேரம் ஆயிருங்க சார்."

"நான் பேரமா பேசுறேன்? முறையைச் சொல்றேன்." கையை உருவிக்கொண்டு, வேட்டி நுனியைச் சரிசெய்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "சார், ஆய்வு அன்னைக்கு இது கூடாது. ஒரு துண்டுகூட என் கண்ணுல படக் கூடாது."

முறையைப் பார்த்துக்கொண்டது கடைசி பெஞ்சு மட்டுமல்ல. வகுப்பே கழுத்தை நீட்டிப் பார்த்திருந்தது. அதன் விளைவு ஆய்வுக்கு முதல் நாள் வெளியே வந்தது.

அன்று உராய்வு. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரியைக் கேள்வியாக்கினேன். தக்காளிப் பெட்டியோடு நிற்கும் லாரி கிளம்புகிறது. பெட்டி வழுக்கவில்லை, லாரியோடு சேர்ந்தே போகிறது. லாரியின் தளம் பெட்டிக்குக் கொடுக்கும் உராய்வு விசை எந்தப் பக்கம்? ஒன்று, உராய்வே இல்லை. இரண்டு, முன்பக்கம். மூன்று, கீழ்ப்பக்கம். நான்கு, பின்பக்கம்.

மூன்றாவது விடை சும்மா இடத்தை நிரப்ப வைத்தது. உராய்வு, தளத்தை ஒட்டி உரசும் விசை. அது கீழே பார்க்காது. அதை யாரும் தொட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

துண்டுகளுக்கு அடியில் அன்று அசைவு அதிகமாக இருந்தது. சிலர் கூரையைப் பார்த்துக்கொண்டு தலையை மெல்ல ஆட்டினார்கள். ஒருவன் உதட்டைப் பிதுக்கினான். ஒருத்தி, "ம்ஹூம், கட்டாது," என்று முனகினாள். நான் "எடு" என்றேன்.

எல்லா பெஞ்சிலும் மூன்று விரல்.

சந்தேகமாக இருந்தது. எதிரும் புதிருமான இரண்டு கட்சியும் ஒரே வாசகத்தில் அறிக்கை விட்டால் நிருபர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"கீழ்ப்பக்கம்னு யார் நெனச்சது?"

ஒரு கைகூட எழவில்லை.

"யாரும் நெனைக்கலைங்க சார்," என்றான் தரகர் மகன். "எங்க பெஞ்சுல ரெண்டு பேரு ரெண்டு சொன்னாங்க, ரெண்டு பேரு நாலு சொன்னாங்க. மூணுல முடிச்சுட்டோங்க."

"முடிச்சிட்டீங்களா?"

"ஒருத்தரும் மனசு நோகக் கூடாதில்லைங்க சார்."

மற்ற பெஞ்சுகளிலும் இதுதான் நடந்திருந்தது. முன்பக்கம் என்று நம்பியவர்களும் பின்பக்கம் என்று நம்பியவர்களும், தலைமையாசிரியர் காட்டிய முறைப்படி விரலைப் பிடித்துப் பேரம் பேசி, இருவருமே நம்பாத ஒரு விடைக்கு மரியாதையாக வந்து சேர்ந்திருந்தார்கள். அந்த ஒரு பாடவேளையில், ஒரு வகுப்பு முழுக்க, இயற்கை தராத ஒரு விசையை சமாதானத்தின் பேரில் உண்டாக்கியிருந்தது.

கரும்பலகையில் ஒரு விதி எழுதினேன். நடுவில் முடிக்கக் கூடாது. இருவரில் ஒருவர்தான் இறங்கி வர வேண்டும். எதனால் இறங்குகிறேன் என்று காரணம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

தரகர் மகனுக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு பக்கம் சேர்ந்துட்டா அடுத்த சந்தைக்கு யாருங்க சார் கூப்பிடுவாங்க?"

"நீ எந்தப் பக்கம்?"

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். சொந்தமாக ஒரு பக்கம் இருக்கிறதா என்று அவனிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை போலிருந்தது. "முன்பக்கங்க சார்," என்றான், ஏதோ குடும்ப ரகசியத்தைச் சொல்வது போல.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்றுதான் எழுத முடியும். முதல் மாணவி பின்பக்கம், வடமதுரைக்காரி முன்பக்கம்.

"உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்னு புக்குலயே இருக்கு. பெட்டி முன்னாடி போகுது. அப்ப உராய்வு பின்னாடிதான? பஸ் கிளம்புனா நாம பின்னாடி சாயுறோமா இல்லையா?"

"சாயுறது நீ. உன் காலை முன்னாடி இழுத்துட்டுப் போறது யாரு? பஸ்ஸுதான? பஸ்ஸு உன்னை இழுக்கலேன்னா நீ சின்னாளபட்டி ஸ்டாப்புலயே நிப்ப. பஸ் மட்டும் திண்டுக்கல் வந்துரும்."

"அது பஸ்ஸு. இது லாரி."

"ஏன்டி, லாரிக்கு வேற பிசிக்ஸா?"

சாயத் துணியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டே பேசினார்கள். வியர்வையில் ரோஸ் நிறம் பெண்கள் பெஞ்சு முழுக்க எல்லார் விரலிலும் ஏறியது. மணி அடித்தது. யாரும் இறங்கி வரவில்லை. நான் விடையைச் சொல்லாமல் வெளியே வந்தேன். அன்று மாலை பஸ் ஸ்டாப்பிலும் அவர்கள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

ஆய்வு நாளில் பள்ளிக்கு வெள்ளையடித்த வாசனை. என் மேஜை மேல் புது மேஜை விரிப்பு போட்டிருந்தார்கள். அதன் மேல் தலைமையாசிரியர் அறையின் பீங்கான் பூச்சாடி, துணிப் பூக்களோடு. காலையிலேயே அவர் வந்து வகுப்பிடம் நேராகப் பேசினார். அதிகாரி வந்ததும் எழுந்து வணக்கம் சொல்ல வேண்டும். கேட்டால் பதில். கேட்காவிட்டால் மூச்சு மட்டும். துண்டுகளை ஒரு பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனார். வாசலில் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பழைய சார் இருந்தார்.

மூன்றாவது பாடவேளையில் அதிகாரி வந்தார். கட்டம் போட்ட சட்டை, கையில் சின்னக் கைப்பை, வெயிலில் வந்த களைப்பு. வகுப்பு எழுந்தது, வணக்கம் சொன்னது, உட்கார்ந்தது. அதன் பிறகு அப்படி ஒரு அமைதி. புது கண்டென்சர் போட்ட ஃபேன் சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் அண்ணாந்து அதைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அதிகாரி முன் பெஞ்சைப் பார்த்தார். "கையில என்னம்மா ரோஸ் கலரு?"

முதல் மாணவி எழுந்தாள். "ஓட்டுப் போட்டோம் சார்."

"ஓட்டா? யாருக்கு?"

"உராய்வுக்கு சார்."

தலைமையாசிரியர் இருமினார். அதிகாரி சிரித்துவிட்டு, "சரி, உராய்வுன்னா என்ன?" என்றார்.

அவள் சொன்னாள். பாடப் புத்தகத்தில் உள்ளபடி, அரைப்புள்ளி முற்றுப்புள்ளி தெரிகிற மாதிரி சொன்னாள். அதிகாரி "வெரிகுட்" என்று திரும்பினார். தலைமையாசிரியர் வாசல் பக்கம் கையை நீட்டி வழி காட்டினார். எல்லாம் முடிந்துவிட்டது. என் வேலை தப்பிவிட்டது. அவள் உட்கார்ந்தால் போதும்.

அவள் உட்காரவில்லை.

"சார், ஒரு சந்தேகம்."

அதிகாரி நின்றார்.

"உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்னு இப்பத்தான் நானே சொன்னேன். அப்ப லாரியில இருக்கிற தக்காளிப் பெட்டியை முன்னாடி தள்ளுறது யாரு சார்? தளத்தைத் தவிர வேற எதுவும் அதைத் தொடலயே. ராத்திரி பூரா யோசிச்சேன் சார். வரல."

அவர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் டஸ்டரைப் பார்த்தேன்.

"அதைத்தான நேத்துலேருந்து தொண்டை கிழியக் கத்துறேன்!" என்று வடமதுரைக்காரி எழுந்துவிட்டாள். "தளந்தான் தள்ளுது. உராய்வுதான் தள்ளுது. முன்னாடி!"

"எதிர்க்கும்னு புக்குல இருக்குல்ல?" என்று மூன்றாவது பெஞ்சு கேட்டது. "வழுக்கலை எதிர்க்கும்டா, போறதை இல்ல," என்று நான்காவது பெஞ்சு சொன்னது. அதற்குள் எல்லோரும் எழுந்திருந்தார்கள். ஃபேன் சத்தம் போய்விட்டது. தலைமையாசிரியர் இரண்டு கைகளாலும் காற்றை அமுக்கிக்கொண்டிருந்தார்.

தரகர் மகன் பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்றான். "பெரியவங்க வந்திருக்காங்க. சண்டை வேண்டாங்க. இன்னைக்கு மட்டும் கீழ்ப்பக்கம்னு முடிச்சுக்கலாம்."

"ஏலே, உக்காருலே!" என்றது மொத்த வகுப்பும்.

வடமதுரைக்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். துண்டு இல்லை. நேராக என் மேஜைக்கு வந்தாள். விரிப்பின் மேல் டஸ்டரை வைத்தாள். விரிப்பின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள். டஸ்டர் வந்தது. பூச்சாடியும் நின்றபடியே கூட வந்தது.

"பாத்தியா? டஸ்டரை நான் தொட்டேனா? விரிப்பைத்தான் இழுத்தேன். விரிப்பு போற பக்கமே அதுவும் வருது. இழுக்குறது விரிப்பு. அம்புட்டுத்தான்."

முதல் மாணவி மேஜைக்கு வந்து குனிந்து, கண்ணை விரிப்பின் மட்டத்துக்கு வைத்துப் பார்த்தாள். தானும் ஒரு தடவை இழுத்தாள். "வெடுக்குன்னு இழுத்தா?"

"வேண்டாம்!" என்றார் தலைமையாசிரியர். பாய்ந்து வந்து பூச்சாடியை இரண்டு கையாலும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இழும்மா," என்றார் அதிகாரி.

அவள் வெடுக்கென்று இழுத்தாள். விரிப்பு வந்துவிட்டது. டஸ்டர் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது.

"உராய்வு பத்தல," என்றாள் முதல் மாணவி மெதுவாக. "மெதுவா இழுத்தா பத்துது. வெடுக்குன்னா பத்தல. அப்ப முன்னாடிதான். முன்னாடி இழுக்கப் பாத்து, முடியாமப் போச்சு." நிமிர்ந்து வடமதுரைக்காரியைப் பார்த்தாள். "நான் இறங்குறேன். காரணத்தோட இறங்குறேன்."

"இறங்கு தாயி," என்றாள் மற்றவள்.

அதிகாரி கைப்பையை என் நாற்காலியில் வைத்தார். விரிப்பை வாங்கி மறுபடியும் விரித்து, டஸ்டரை வைத்து, மெதுவாக இழுத்தார். வேகமாக இழுத்தார். அடுத்து சாக்பீஸ் பெட்டியை வைத்தார். தரகர் மகன் அவருக்குப் பக்கத்தில் நின்று, விரிப்பை எந்த மட்டத்தில் பிடித்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மணி அடித்தது. யாரும் போகவில்லை. தலைமையாசிரியர் பூச்சாடியோடு நின்றுகொண்டிருந்தார். அலுவலகத்தில் வைத்திருந்த டீ ஆறிவிட்டதாக ஆள் வந்து சொன்னார்.

வெளியே போகும்போது அதிகாரி கேட்டது என் காதில் விழுந்தது. "இந்த கிளாஸ் எப்பவும் இப்படித்தானா?"

"இல்ல சார்," என்றார் தலைமையாசிரியர். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "இன்னைக்கு நீங்க வந்ததால அடக்கமா இருந்தாங்க."

மாலையில் என்னைக் கூப்பிட்டார். தண்ணீர் வரவில்லை. பூச்சாடி பழைய இடத்துக்கு வந்திருந்தது.

"அவருக்குப் பிடிச்சிருக்கு சார்," என்றார், ஒரு வியாதியின் பெயரைச் சொல்வது போல. "இந்த மாதிரியே எல்லா பாடத்துக்கும் பண்ணச் சொல்றாரு. தமிழய்யா லீவு லெட்டர் எழுதிக்கிட்டிருக்காரு."

"பழைய சார்?"

"போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். மனசு கஷ்டப்பட்டாரு. கிளாஸை நீங்களே எடுங்க." துண்டுகள் இருந்த பையை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்து என் பக்கம் தள்ளினார். "ஆனா சத்தம் சத்தம்தான் சார். பக்கத்து ரூம்ல பன்னெண்டாவது படிக்குது. அதுக்கு என்ன பண்ணணும்னு நான் யோசிக்கிறேன்."

"யாரோடயாவது பேசி யோசிங்க சார்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அலுவலக உதவியாளர் வந்து ஒரு சாவியை என் கையில் கொடுத்தார். மைதானத்தின் அந்தக் கோடியில், சைக்கிள் கொட்டகையைத் தாண்டி இருக்கும் அறையின் சாவி அது.